நாற்பது குழிகள்

1

பெங்களூரில் நான் வேலை பார்க்கும் ஆய்வகத்தில், ஊரைத் தாண்டிப் போவதென்றால் ஒரு படிவம் நிரப்பித் தர வேண்டும். ஞாயிற்றுக்கிழமை போய்த் திரும்பினாலும் தர வேண்டும். அதில் நாலாவது கட்டம் ‘வெளியூரில் தங்கும் முகவரி’. இருபத்துநாலு வருஷமாக அந்தக் கட்டத்தில் ராணிப்பேட்டையில் எங்கள் வீட்டு முகவரியை எழுதிக்கொண்டிருக்கிறேன். பிறந்து வளர்ந்த வீடு வெளியூர். மல்லேஸ்வரத்து இரண்டாம் மாடி வாடகை வீடு உள்ளூர். முதல் தடவை எழுதும்போது கை கொஞ்சம் தயங்கியது. பிறகு பழகிவிட்டது.

போன மாதம் அதே படிவத்தை நீட்டினேன். காரணம் என்ற இடத்தில், அப்பாவின் முதல் வருஷ திதி என்று எழுதியிருந்தேன். அலுவலகத்தில் படிவம் வாங்கும் சுமா அதைப் படித்துவிட்டு நிமிர்ந்தாள்.

“ஆகலே ஒந்து வர்ஷ ஆய்தா மேடம்?”

அதற்குள் ஒரு வருஷம் ஆகிவிட்டதா என்கிறாள். ஆகிவிட்டது. முத்திரை குத்திக் கொடுத்தாள்.

நம் பள்ளியின் பழைய மாணவர்கள் மலருக்காக, வெளிநாட்டில் வாழ்பவர்களெல்லாம் அனுபவக் குறிப்பு எழுதித் தர வேண்டும் என்று கேட்டீர்கள். தோஹாவிலிருந்தும் டொராண்டோவிலிருந்தும் எழுதுகிறவர்கள் நடுவே நான் எதற்கு என்று முதலில் சிரிப்புத்தான் வந்தது. நான் கடல் தாண்டவில்லை. ஆம்பூர், வாணியம்பாடி, ஜோலார்பேட்டை தாண்டியிருக்கிறேன், அவ்வளவுதான். காட்பாடியில் ரயிலேறினால் நாலு மணி நேரம்.

ஆனால் யோசித்துப் பார்த்தேன். அப்பா சாகும்போது பக்கத்தில் இருக்க முடியாமல் போன டொராண்டோக்காரருக்கு விசா, டிக்கெட், பனிப்புயல் என்று சொல்ல ஏதோ இருக்கும். எனக்கு இருந்தது நாலே மணி நேரம். அதை நான் கடக்காமல் போன கதையைத்தான் எழுத முடியும். என் தம்பி செந்திலும் இதைப் படிப்பான். அவன் படிக்க வேண்டும் என்றுதான் எழுதுகிறேன்.

2

என் வேலையைச் சொல்லிவிடுகிறேன். அது தெரியாவிட்டால் மற்றது புரியாது.

அணு உலைக்குள் இருக்கும் இரும்பு வருஷக்கணக்கில் கதிர்வீச்சில் அடி வாங்குகிறது. ஒவ்வோர் அடிக்கும் உள்ளே இருக்கும் அணுக்கள் தங்கள் இடத்திலிருந்து தூக்கி எறியப்படுகின்றன. பெரும்பாலானவை உடனே ஏதாவது ஒரு காலி இடத்தில் போய் உட்கார்ந்துவிடும். அது தன் பழைய இடமாக இருக்க வேண்டும் என்பதில்லை. உட்கார இடம் கிடைக்காத மிச்சம் கொஞ்சம் உண்டே, அதுதான் வம்பு. அதனால் உலோகம் இறுகும். இறுகினால் வளையாது, ஒருநாள் பட்டென்று உடையும். எவ்வளவு இறுகியிருக்கிறது என்று முன்கூட்டியே சொல்ல ஆள் வேண்டும். அந்த ஆட்களில் நானும் ஒருத்தி.

உலையிலிருந்து எடுத்த துண்டைக் கையால் தொட முடியாது, கதிர்வீச்சு. எனவே புது உலோகத்தை வேறோர் ஊரிலுள்ள துகள் முடுக்கிக்கு அனுப்புவோம். உலையில் பல வருஷம் வாங்க வேண்டிய அடியை அங்கே சில நாளில் கொடுத்துவிடுவார்கள். ஆனால் அந்த அடி மேல்தோலோடு நின்றுவிடும். ஒரு தலைமுடியின் தடிமனை முப்பதாகப் பிளந்தால் ஒரு பங்கு வருமே, அவ்வளவுதான் ஆழம். அதற்குக் கீழே பழைய உலோகம் எதுவும் தெரியாமல் அப்படியே இருக்கும். அந்த மெல்லிய தோலில் வைர ஊசி முனையால் மெல்ல அழுத்திக் குழி போட வேண்டும். குழி சிறிதாக வந்தால் உலோகம் இறுகிவிட்டது என்று அர்த்தம். கொஞ்சம் ஆழமாகப் போனாலும் கீழேயிருக்கும் பழசைத் தொட்டுவிடும், கணக்குத் தப்பிவிடும்.

என் அப்பாவும் குழி போட்டவர்தான். ராணிப்பேட்டையில் ஒரு பாய்லர் தொழிற்சாலையில் தரப் பரிசோதகர். இரும்புத் தகட்டின்மேல் எஃகுக் குண்டை வைத்து அழுத்துவார்கள். துவரம்பருப்பு அளவுக்குக் குழி விழும். அதைப் பூதக்கண்ணாடியால் அளந்து பேரேட்டில் எழுதுவார். அவருடைய ஒரு குழிக்குள் என்னுடையது லட்சம் குழி அடங்கும். “நீ போடறது குழியா, கொசுக்கடியா?” என்று கேலி செய்வார். ஆனால் தினம் சாயங்காலம் ஏழு மணிக்குப் போன் வரும். சாப்பிட்டாயா, குழந்தை எப்படி இருக்கிறாள் எதுவும் கிடையாது. எடுத்ததும் முதல் கேள்வி:

“இன்னிக்கு எத்தன குழி?”

ஆறு என்றால் ஆறா என்பார். ஒன்றும் போடவில்லை, இயந்திரம் மக்கர் என்றால், “சர்தான்” என்று வைத்துவிடுவார். அம்மா போன பிறகு அந்த ஏழு மணிப் போன்தான் எங்கள் இருவருக்கும் வீடாக இருந்தது.

அப்பாவின் பேரேடுகளை நான் சின்ன வயசில் புரட்டியிருக்கிறேன். அங்கங்கே ஓர் எண்ணின்மேல் ஒற்றைக் கோடு, பக்கத்தில் வேறோர் எண், அதன் கீழே அவர் கையெழுத்து. ரப்பரால் அழித்துவிட்டால் சுத்தமாக இருக்குமே என்று கேட்டதற்கு, “தப்பு இன்னான்னு நாளைக்கு வர்றவனுக்குத் தெரிய வேணாமா?” என்றார். எங்கள் ஆய்வகத்திலும் அதே சட்டம்தான்.

3

அந்த வருஷம் எங்கள் கையில் மூன்று சாம்பிள்கள் இருந்தன. ஒவ்வொன்றும் சுண்டுவிரல் நகத்தில் பாதி. முடுக்கியில் நேரம் கிடைக்க ஒரு வருஷத்துக்கு மேல் காத்திருந்து அடிவாங்கி வந்தவை. ஒன்று கையாளும்போது விரிசல் விட்டது. இன்னொன்று சூடாக்கும்போது மேல்பரப்பு கெட்டுப்போயிற்று. மூன்றாவதுதான் மிச்சம். அதைச் சூடாக்கிக் குழி போடும் இயந்திரம் பல பிரிவுகளுக்குப் பொது. எங்கள் முறை புதன் காலையிலிருந்து வெள்ளி மதியம்வரை. விட்டால் அடுத்த முறைக்கு மூன்று மாதம்.

செவ்வாய்க்கிழமை அப்பாவை மூச்சிரைப்பு என்று வேலூரில் ஆஸ்பத்திரியில் சேர்த்திருந்தார்கள். அன்றும் ஏழு மணிக்குப் போன் வந்தது. செந்தில் பிடித்துக்கொள்ள, அப்பா பேசினார்.

“நாளைக்கு எத்தன?”

“நாப்பதுப்பா. ஒண்ணொண்ணுக்கும் அரை மணி நேரம். வெள்ளிக்கிழமை ஆயிடும்.”

“முடிச்சிட்டு சொல்லு.”

புதன் காலை சாம்பிளைத் தயார்செய்ய உட்கார்ந்தேன். இரண்டு பக்கமும் கண்ணாடிபோல மெருகேற்றியிருப்பதால் அடிவாங்கிய முகம் எது, முதுகு எது என்று பார்த்துச் சொல்ல முடியாது. அதற்காகவே ஒரு வழக்கம் வைத்திருக்கிறோம்: முடுக்கிக்கு அனுப்பும் முன் முதுகின் ஒரு மூலையில் வைர முனையால் சின்னதாக ஒரு கீறல். பரிசோதனைக்கு முன் முதுகை எமரித் தாளில் தேய்த்து மெலிதாக்குவோம். கீறலும் அதோடு போய்விடும். எனவே தேய்க்கும் முன் கீறலைப் பார்த்து உறுதி செய்ய வேண்டும். இந்த வழக்கத்தை ஆய்வகத்தில் கொண்டுவந்தவளே நான்தான்.

சாம்பிளைத் திருப்பிப் போட்டு, லென்ஸில் பார்த்தேன். கீறல் இருந்தது. தாளில் ‘சரிபார்த்தேன்’ என்ற இடத்தில் டிக் அடித்தேன். போன் அடித்தது. கையுறையைக் கழற்றிவிட்டு எடுத்தேன்.

“அக்கா, அப்பாவ ஐசியூவுக்கு மாத்திட்டாங்க,” என்றான் செந்தில்.

பேசிவிட்டு வந்து புதுக் கையுறை மாட்டினேன். எங்கள் பிரிவுத் தலைவர் குல்கர்னி தார்வாட்காரர். என் முகத்தைப் பார்த்து விஷயத்தைக் கேட்டார். “நீவு ஹோகி மேடம். ஸ்லாட் நானு நோட்கோத்தினி,” என்றார். நீங்கள் போங்கள், முறையை நான் பார்த்துக்கொள்கிறேன் என்று. இதை நான் மறைக்கக் கூடாது. அவர் போகச் சொன்னார். யாரும் என்னைப் பிடித்து வைக்கவில்லை. மூன்றாவது சாம்பிளை இன்னொருவர் கையில் கொடுக்க எனக்குத்தான் மனசு வரவில்லை. அப்பாவே முடித்துவிட்டுச் சொல் என்றாரே என்று ஒரு நொண்டிச் சமாதானமும் கையில் இருந்தது.

வெள்ளிக்கிழமை பதினொரு மணிக்கு நாற்பதாவது குழி முடிந்தது. ‘நாப்பதும் முடிஞ்சுது. கிளம்பிட்டேன்’ என்று செந்திலுக்குச் செய்தி அனுப்பிவிட்டு மதிய ரயிலைப் பிடித்தேன். குப்பம் தாண்டும்போது அவன் கூப்பிட்டான்.

“எங்க கீற?”

“குப்பம் தாண்டிட்டேன்டா. இன்னும் ஒண்ணர மணி நேரம்.”

“மெதுவா வாக்கா,” என்றான்.

ஆஸ்பத்திரியிலிருந்து யாராவது மெதுவாக வரச் சொன்னால் அதற்கு ஓர் அர்த்தம்தான் உண்டு. எதிரே ஒரு குடும்பம் புளியோதரைப் பொட்டலத்தைப் பிரித்து எனக்கும் ஒரு பிடி நீட்டியது. வாங்கிச் சாப்பிட்டேன். ஏன் சாப்பிட்டேன் என்று இன்றுவரை தெரியவில்லை.

4

காரியத்துக்கு வந்தவர்கள் சும்மா இருப்பார்களா? “பெங்களூர் இன்னா அமெரிக்காவா?” என்று பெரியப்பா கூடத்தில் எல்லார் காதிலும் விழும்படி கேட்டார். நான் தலை குனிந்து உட்கார்ந்திருந்தேன். செந்தில்தான் எழுந்து பதில் சொன்னான்.

“அக்கா சினிமாவுக்கா போச்சு? ஒரே ஒரு பீஸ்தான் பாக்கி இருந்துச்சு. அத உட்டுட்டு வந்திருந்தா வருஷக்கணக்கு வேல பாழ். அப்பாவே முடிச்சிட்டு வர சொன்னாரு.”

அன்று ராத்திரிச் சாப்பாட்டின்போது என் இலைக்குக் குனிந்து பரிமாறிக்கொண்டே செந்தில் மெதுவாகச் சொன்னான்: “கடைசியா வர்றாளான்னு கேட்டாரு அக்கா. வந்துகினே கீறான்னு சொன்னேன்.” அந்த ஒரு வரியைத் தூக்கிக்கொண்டு பெங்களூர் திரும்பினேன்.

இரண்டு வாரத்தில் முடிவு வந்தது. நாற்பது குழியும் அடிவாங்காத உலோகத்தில் விழுவதுபோலவே இருந்தன. உலோகம் இறுகவே இல்லை. அடியைத் தாங்க வேண்டும் என்றே உருக்கிய புது உலோகம் அது, தாங்கிவிட்டது! குல்கர்னி, இன்னொரு தடவை பார்க்க வேண்டும் என்று சொன்னாலும் மைசூர்பாகு வாங்கி எல்லாருக்கும் கொடுத்தார். நான் செந்திலுக்குப் போன் செய்து, “வீண் போகலடா,” என்று சொல்லி அழுதேன். அவன் மறுநாளே ஊரெல்லாம் சொல்லிவிட்டான். அவன் வைத்திருக்கும் எலக்ட்ரிகல் கடையில் பல்பு வாங்க வருகிறவர்களுக்கெல்லாம் அக்காவின் கண்டுபிடிப்பு இலவசமாகக் கிடைத்தது. பெரியப்பா வீட்டுக்கே போய் ஒருமுறை சொல்லிவிட்டு வந்திருக்கிறான்.

5

ஐந்து மாதம் கழித்து, அறிக்கையில் சேர்க்க ஒரு படம் தேடினேன். எப்போதும் குழிகளை நெருக்கத்தில் எடுத்த படங்களைத்தான் பார்ப்போம். அட்டைக்கு மட்டும் முழுச் சாம்பிளும் தெரிகிற ஒரு படம் வேண்டும் என்றார்கள். அப்படி ஒன்று இருந்தது. பெரிதாக்கிப் பார்த்தேன். நடுவில் நாற்பது குழிகள், எட்டு எட்டாக ஐந்து வரிசை, கோலப்புள்ளிபோல ஒழுங்காக. ஒரு மூலையைத் தாங்கியின் கவ்வி பாதி மறைத்திருந்தது. கவ்விக்குக் கீழிருந்து ஒரு கீறல் எட்டிப் பார்த்தது.

முதுகில் இருந்து, எமரித் தாளில் தேய்ந்து, இல்லாமல் போயிருக்க வேண்டிய கீறல்.

உட்கார்ந்த இடத்திலேயே அந்தப் புதன்கிழமை காலை முழுசாகத் திரும்ப வந்தது. கீறலைப் பார்க்கச் சாம்பிளைத் திருப்பினேன். டிக் அடித்தேன். போன் வந்தது. திரும்பி வந்தபோது, பார்த்துவிட்டு நேராக வைத்துவிட்டோம் என்ற நினைப்பில் இன்னொரு தடவை திருப்பி ஒட்டி, மேலே இருந்த பக்கத்தைத் தேய்த்திருக்கிறேன். தேய்த்தது அடிவாங்கிய முகத்தை. எமரித் தாளில் பத்து இழுப்பு இழுத்தாலே அந்தத் தோல் போய்விடும். ஒரு வருஷம் காத்திருந்து வந்த தோல் அது. பிறகு இரண்டு நாள் உட்கார்ந்து, ஒன்றுமே நடக்காத முதுகில் நாற்பது குழி போட்டிருக்கிறேன். உலோகம் எதையும் தாங்கவில்லை. அதை நான் சோதிக்கவே இல்லை.

குல்கர்னியிடம் அன்றே சொன்னேன். வெகு நேரம் படத்தைப் பார்த்தார். கோபப்பட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும். தவறு நேர்ந்தால் நிரப்பும் படிவம் ஒன்று இருக்கிறது, எடுத்துக் கொடுத்தார். தவறு எப்படி நேர்ந்தது? கவனக்குறைவு. எந்தச் சூழ்நிலையில்? சரிபார்க்கும்போது கைபேசி அழைப்பு. அவர் தேதியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார். யாருடைய அழைப்பு என்று கேட்கவில்லை.

கடைசிக் கட்டம்: மீண்டும் நேராமலிருக்க என்ன நடவடிக்கை? எழுதினேன். இப்போது அந்த அறை வாசலில் ஒரு மரப்பெட்டி இருக்கிறது. உள்ளே போகிறவர்கள் போனை அணைத்து அதில் போட்டுவிட்டுத்தான் போக வேண்டும். என் யோசனைதான். இனி அந்த அறையில் இருப்பவரின் அப்பாவை ஐசியூவுக்கு மாற்றினால் அறைக்குச் செய்தி வராது. தினம் அந்தப் பெட்டியில் என் போனைப் போடும்போது எனக்கு என்மேலேயே வெறுப்பாக வருகிறது.

ஆய்வகத்தில் சொல்லப் படிவம் இருந்தது. செந்திலிடம் சொல்ல என்ன இருக்கிறது? ஊரார் முன்னால் அவன் எனக்காக எழுந்து நின்று சொன்ன ஒரே வார்த்தையின் காலை நானே வெட்ட வேண்டும். ஏழு மாதம் சொல்லவில்லை. என் மகள் மித்ராவிடம் மட்டும் சொன்னேன். அவளுக்குப் பத்தொன்பது வயசு. அவள் அப்பாவின் வீட்டாரோடு கன்னடம், கல்லூரியில் ஆங்கிலம், என்னோடு மட்டும் தமிழ்.

“மாமாக்கு ஸாரி சொல்லிடும்மா. சும்னே டென்ஷன் மாட்கோபேடா,” என்றாள். சும்மா கவலைப்படாதே என்கிறாள். திதிக்கு வருகிறாயா என்றேன். “அந்த ஃபங்ஷனுக்கு நானும் வரணுமா? இன்டர்னல்ஸ் இருக்கே,” என்றாள். தாத்தாவின் திதி அவளுக்கு ஃபங்ஷன். திட்டலாம் என்று வாயெடுத்தேன். என் நாற்பது குழி நினைவுக்கு வந்தது. படி என்று சொல்லிவிட்டேன். அவளுக்குத் தமிழ் படிக்கத் தெரியாது. இதையும் படிக்கப்போவதில்லை.

6

திதி முடிந்து, காக்கைக்கு வைத்து, வந்தவர்கள் சாப்பிட்டு எழுந்தார்கள். வாசலில் செருப்பைத் தேடிக்கொண்டிருந்த பெரியப்பாவின் மருமகன் புதுசாக வந்தவன். அக்கா என்ன வேலை என்று கேட்டுவிட்டான். செந்தில் ஆரம்பித்துவிட்டான். ஒரே பீஸ், நாற்பது குழி, அணு உலை, நாட்டுக்கே உபயோகம். இந்த ஒரு வருஷத்தில் கதை நன்றாகவே வளர்ந்திருந்தது. என்னால் நிற்க முடியவில்லை. பின்கட்டுக்குப் போய்த் துணி துவைக்கும் கல்லில் உட்கார்ந்தேன்.

எல்லாரும் போன பிறகு அவன் காபியோடு வந்தான். முழுக்கச் சொன்னேன். திருப்பியது, போன் வந்தது, தேய்த்தது, கீறல். போன் அவனுடையது என்பதை மட்டும் விழுங்கப் பார்த்தேன். அவன் விடவில்லை.

“நான் பண்ண போனா?”

“உன் மேல தப்பு இல்லடா.”

“அப்ப அந்த நாப்பதும்?”

“ஒண்ணுகூட இல்ல.”

காபி ஆடை கட்டிப்போயிற்று. செந்தில் என்னைப் பார்க்காமல் பேசினான்.

“நானும் ஒண்ணு சொல்லணும். வர்றாளான்னு அப்பா கேட்டாருன்னு சொன்னேனே, அது பொய்க்கா. கோவத்துல சொன்னேன். எல்லாருக்கும் முன்னாடி உன்ன உட்டுக் குடுக்க முடியல. ஆனா நீ வரலயேன்னு எனக்கு எரிஞ்சிகினே இருந்துச்சு. உனக்கும் கொஞ்சம் எரியட்டும்னு சொன்னேன்.”

“பின்ன இன்னாடா கேட்டாரு?”

“மதியம் உள்ள உட்டாங்க. மூக்குல கொழாய். எத்தன குழின்னு கேட்டாரு. சைகைலதான், வெரல இப்பிடி அழுத்தி. உன் மெசேஜ் அப்பதான் வந்திருந்துச்சு. நாப்பதும் ஆயிடுச்சுப்பான்னு காட்டினேன். தலைய ஆட்டினாரு. கண்ண மூடினாரு. அவ்ளோதான்.”

ஒரு வருஷமாக நான் சுமந்த வரி பொய்யாகப் போனது. அதன் இடத்தில் வந்து உட்கார்ந்தது அதைவிடக் கனம். என் அப்பா கடைசியாக நம்பியது நான் கொடுத்த தப்பான எண்ணை. அந்தக் கல்லில் உட்கார்ந்து, ஐம்பத்திரண்டு வயசில், சின்னப் பிள்ளைபோல வாய்விட்டு அழுதேன். செந்தில் என் தோளைப் பிடித்துக்கொண்டு நின்றான்.

“உடுக்கா. யாருக்கும் சொல்ல வேணாம். பெரியப்பாக்குத் தெரிஞ்சா சும்மா இருக்க மாட்டாரு. நாப்பதுன்னே இருக்கட்டும்.”

சரி என்று தலையாட்டிவிட்டுத்தான் ரயிலேறினேன். பங்காரப்பேட்டை வருவதற்குள்ளேயே அது நடக்காது என்று தெரிந்துவிட்டது.

செந்தில், இந்த மலர் பெரியப்பா வீட்டுக்கும் போகும். படித்துவிட்டு அவர் என்ன வேண்டுமானாலும் சொல்லட்டும்; பெங்களூர் அமெரிக்கா இல்லைதான். இனி நீ எனக்காக யாரிடமும் எழுந்து பதில் சொல்ல வேண்டாம். நீ அப்பாவிடம் சொன்ன எண்ணை நான் அழிக்கவில்லை. அழிக்கக் கூடாது என்று அவர்தான் சொன்னார். அது படிக்கிற மாதிரி அங்கேயே இருக்கட்டும். அதன்மேல் ஒற்றைக் கோடு மட்டும் போடுகிறேன். பக்கத்தில் சரியான எண்: பூஜ்யம்.

கீழே என் கையெழுத்து.